தின்னரை ஈரல் என்ன செய்கிறது?

வந்த கேள்வி இது: "அண்ணாச்சி, என் தங்கச்சி மாப்பிள்ளை பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வேனுக்கும் காருக்கும் ஸ்பிரே பெயின்ட் அடிக்கிறார். நாள் முழுக்கத் தின்னர் வாசம்தான். மாஸ்க் போடச் சொன்னால், 'அதெல்லாம் ஈரல் முறிச்சிரும் மச்சான், போன மாசம் எடுத்த எல்.எஃப்.டி. (ஈரலுக்கான ரத்தச் சோதனை) நார்மல்தான, மாசம் ஒருக்கா கீழாநெல்லி வேற அரைச்சுக் குடிக்கேன்லா' என்கிறார். வேலை முடிந்ததும் ஒரு துண்டு கருப்பட்டியும் தின்பார். ஈரல் இந்த ரசாயனத்தை எல்லாம் உண்மையிலேயே முறிக்குமா? எப்படி?"

பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஈரலுக்குள் நடப்பதைக் கரும்பலகையில் அத்தனை வருஷம் வரைந்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை சொன்னதில் பாதி சரி. தின்னரில் இருக்கிற முக்கியமான சரக்கை ஈரல் நன்றாகவே கையாளும். மீதிப் பாதிதான் ஆபத்து. சில ரசாயனங்களை ஈரலால் ஒன்றும் செய்ய முடியாது. வேறு சிலவற்றை ஈரலே கொடிய விஷமாக மாற்றிவிடும். எது எந்த வகை என்பது அந்தப் பொருளின் அமைப்பைப் பொறுத்தது. ஈரலின் பலத்தைப் பொறுத்ததல்ல.

முதலில் 'முறிக்கிறது' என்ற சொல்லைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். பெயின்ட் ஒட்டிய கையைத் தண்ணீரில் எவ்வளவு கழுவினாலும் போகாது; தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் உடனே போய்விடும் என்பது மாப்பிள்ளைக்குத் தெரியும். நம் உடம்புக்கும் இதே சிக்கல்தான். வெளியே தள்ளுவதற்கு அதனிடம் இருக்கிற முக்கியமான வழி சிறுநீர். சிறுநீர் என்பது தண்ணீர். எண்ணெய்ப் பசையுள்ள பொருளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியே அனுப்பினாலும், குழாயின் சுவர் வழியாக அது திரும்பவும் ரத்தத்துக்குள் கசிந்துவிடும். கசிந்து போய்க் கொழுப்பிலும் மூளையிலும் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே ஈரல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: எண்ணெயில் கரைகிற பொருளைத் தண்ணீரில் கரைகிற பொருளாக மாற்றுவது. அது மருந்தா, விஷமா, காலையில் குடித்த காப்பியா என்றெல்லாம் ஈரல் பார்ப்பதில்லை. மாற்றியதால் நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா என்றும் அதற்குத் தெரியாது.

இந்த மாற்றம் பெரும்பாலும் இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பி450 என்ற என்சைம் குடும்பம் வேலை செய்கிறது. என்சைம் என்றால் வேதிமாற்றத்தை நடத்தித்தருகிற புரதம். 1962இல் ஓமுரா, சாட்டோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் வைத்த பெயர் இது. கார்பன் மோனாக்சைடு சேர்த்தால் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிற நிறமி என்பதால் அந்த எண். மனித உடம்பில் இந்தக் குடும்பத்துக்கு 57 ஜீன்கள். ரத்தச் சிவப்பணுவில் இருப்பது போலவே இதன் நடுவிலும் ஓர் இரும்பு அணு உண்டு. நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜனை எடுத்து, அதில் ஓர் அணுவை ரசாயனத்தின் மேல் ஒட்டிவிட்டு, இன்னொன்றைத் தண்ணீராக்கிவிடும். ஆக்சிஜன் ஒட்டிய இடம் ஒரு கைப்பிடி மாதிரி. இரண்டாம் கட்டத்தில் அந்தக் கைப்பிடியில் குளுகுரோனிக் அமிலம், சல்ஃபேட், கிளைசின், குளுடதையோன் என்று தண்ணீரில் எளிதாகக் கரைகிற ஏதோ ஒன்றை ஈரல் கோத்துவிடும். அதன்பின் அது சிறுநீரிலோ பித்தநீரிலோ போய்விடும்.

இந்த ஏற்பாடு தொழிற்சாலைக்காக வந்ததல்ல. செடிகள் தங்களைத் தின்ன வருகிற பிராணிகளை விரட்ட இலையிலும் விதையிலும் விஷம் வைக்கின்றன. அதைத் தின்று பிழைக்க வேண்டியிருந்த பிராணிகளின் உடம்பில் கோடிக்கணக்கான வருஷங்களாகத் திருந்தித் திருந்தி வந்த ஏற்பாடு இது. தின்னரும் செயற்கைச் சாயமும் பிளாஸ்டிக்கும் வந்து இருநூறு வருஷம்கூட ஆகவில்லை. பழைய பூட்டுக்குச் செய்த சாவி சில புதுப் பூட்டுகளையும் திறக்கிறது. சிலவற்றில் உள்ளேயே முறிந்து மாட்டிக்கொள்கிறது.

தின்னருக்கு வருவோம். பட்டறைகளில் வாங்குகிற சாதாரணத் தின்னரில் அதிகம் இருப்பது டொலுயீன். கூடவே சைலீன், அசிடோன், பியூட்டைல் அசிடேட், ஆல்கஹால் வகைகள் எனக் கம்பெனிக்குக் கம்பெனி கலவை மாறும். டொலுயீன் என்பது ஆறு கார்பன் கைகோத்து நிற்கிற ஒரு வளையம். அதில் ஒரு சின்ன வால் ஒட்டியிருக்கும். அந்த வால்தான் மாப்பிள்ளையைக் காப்பாற்றுகிறது. பி450 வளையத்தை விட்டுவிட்டு வாலைப் பிடித்து ஆக்சிஜன் ஏற்றுகிறது. அப்படியே படிப்படியாக அது பென்சாயிக் அமிலம் ஆகிறது. பென்சாயிக் அமிலத்தோடு கிளைசினைக் கோத்தால் ஹிப்யூரிக் அமிலம். உடம்புக்குள் போன டொலுயீனில் சுமார் 80 சதவீதம் இந்த வழியாகத்தான் சிறுநீரில் வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதி மாறாமல் மூச்சிலேயே போய்விடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அவர் மூச்சில் வாசம் அடிப்பதை உங்கள் தங்கச்சி கவனித்திருப்பார்.

ஹிப்யூரிக் அமிலத்துக்கு ஒரு கதை உண்டு. 'ஹிப்போஸ்' என்றால் கிரேக்கத்தில் குதிரை. 1829இல் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குதிரை மூத்திரத்திலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர். 1841இல் அலெக்சாண்டர் யூர் என்ற மருத்துவர், பென்சாயிக் அமிலத்தைச் சாப்பிட்டால் சிறுநீரில் ஹிப்யூரிக் அமிலமாக வருகிறது என்று கண்டுபிடித்தார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருளை உடம்பு தானாக வேறொன்றோடு கோத்து அனுப்புகிறது என்பதற்குக் கிடைத்த முதல் தடயங்களில் ஒன்று இது. புல்லைத் தின்கிற குதிரைக்கு இருக்கிற அதே வசதிதான் பேட்டைப் பட்டறையில் தின்னரை மூச்சில் இழுக்கிறவருக்கும் உதவுகிறது.

இப்போது அந்த வாலைக் கிள்ளிப் போட்டால் என்ன ஆகும்? அதுதான் பென்சீன். ஒரே வளையம், வால் மட்டும் இல்லை. பிடிக்க வால் இல்லாததால் பி450 நேரே வளையத்தின் மேல் ஆக்சிஜனை ஏற்ற வேண்டியதாகிறது. அதிலிருந்து பென்சீன் ஆக்சைடு, ஃபீனால், ஹைட்ரோகுவினோன் என்று வரிசையாக வரும். அவற்றில் சில ரத்தத்தில் போய் எலும்பு மஜ்ஜையில் சேரும். அங்கே இருக்கிற இன்னொரு என்சைம் அதைக் குவினோனாக மாற்றி ரத்தம் ஊறுகிற செல்களின் மரபணுவையே கெடுத்துவிடும். ரத்தசோகை, ரத்தப் புற்றுநோய் வரை அது போகும். பென்சீன் தானாகச் செய்திருக்க முடியாத கெடுதியை ஈரல் கைப்பிடி போட்டுக் கொடுத்ததால் செய்கிறது. கவனியுங்கள், ஈரலுக்கு இதில் ஒன்றும் ஆகவில்லை. எல்.எஃப்.டி. நார்மலாகவே இருக்கும். அடி வாங்குவது எலும்புக்குள்.

நான் படித்த காலத்தில் சோதனைச்சாலையில் பென்சீனை வாயால் உறிஞ்சிக் குழாயில் ஏற்றினோம். கையில் பிசின் ஒட்டினால் பென்சீனில்தான் கழுவினோம். யாரும் தடுக்கவில்லை. வாசம் நன்றாக இருக்கும் என்பது இன்னும் நினைவிருக்கிறது. இன்று நல்ல தின்னரில் பென்சீனைச் சேர்ப்பதில்லை. ஆனால் பெட்ரோலில் உண்டு. இந்தியாவில் இப்போது 1 சதவீதம் வரை அனுமதி. ஆகவே பட்டறைப் பையன்கள் பெட்ரோலில் கையும் சாமானும் கழுவுவதைப் பார்த்தால் எனக்குத் தின்னரைவிட அதுதான் உறுத்தும்.

ஈரலே விஷம் செய்கிற கதை பென்சீனோடு முடியவில்லை. நம் ஊர்க்காரர்கள் யாரும் மறக்க முடியாதது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். மெத்தனால் உள்ளே போன உடனே போதை மட்டும்தான். ஈரலில் இருக்கிற ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்ற என்சைம் அதை ஃபார்மால்டிஹைடு ஆக்கும். அதிலிருந்து ஃபார்மிக் அமிலம் வரும். கண் நரம்பைக் கெடுப்பதும் ரத்தத்தைப் புளிக்கவைத்து ஆளைச் சாய்ப்பதும் அந்த அமிலம். அதனால்தான் குடித்துப் பல மணி நேரம் கழித்துப் பார்வை மங்கும். ஆஸ்பத்திரியில் தருகிற ஃபோமெபிசோல் ஈரலுக்குத் தெம்பு கொடுக்கிற மருந்தல்ல. அந்த என்சைமைக் கட்டிப்போடுகிற மருந்து. ஈரல் வேலை செய்யாமல் இருந்தால்தான் ஆள் பிழைப்பார்.

கார்பன் டெட்ராகுளோரைடு இன்னொன்று. ஒரு காலத்தில் துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்டது. பி450 அதைத் தொட்டதும் ஒரு குளோரின் கழன்று, மீதி வெறிபிடித்த மாதிரி பக்கத்தில் இருக்கிற செல் சவ்வின் கொழுப்பைத் தாக்கும். இங்கே ஈரல் செய்த விஷம் ஈரலையே எரிக்கிறது. அதுவும் ஈரலின் ஒவ்வொரு நுண்மடலிலும் அந்த என்சைம் அதிகம் இருக்கிற நடுப்பகுதிதான் முதலில் அழியும். பி.வி.சி. செய்யப் பயன்படும் வைனைல் குளோரைடு வாயுவும் இதே ரகம். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரத்து ஆலை ஒன்றில், பி.வி.சி. காய்ச்சுகிற கலன்களைச் சுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு ஈரலின் ரத்தக்குழாயில் மிக அரிதான ஒரு புற்றுநோய் அடுத்தடுத்து வந்ததால்தான் உலகத்துக்கே தெரிந்தது. வீட்டில் ஓடுகிற பி.வி.சி. குழாயைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆபத்து அந்த வாயுவில் இருந்தது.

சரி, ஈரலால் ஒன்றும் செய்ய முடியாதவை? ஈயம். அது ஒரு தனிமம். அதை யாராலும் உடைக்க முடியாது. எலும்பில் கால்சியத்தின் இடத்தில் உட்கார்ந்து பல வருஷம் இருக்கும். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. அது வீட்டுக்கும் அலங்காரத்துக்கும் உள்ள பெயின்டுக்கு மட்டும். வண்டிக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கிற தொழிற்சாலைப் பெயின்ட் அந்த விதிக்குள் வரவில்லை. பழைய வேனின் மஞ்சள் பெயின்டை எமரி போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூசியைப் பற்றி மாப்பிள்ளை யோசித்ததுண்டா?

இன்னொன்று, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்டில் அதை இறுகவைக்கச் சேர்க்கிற ஹார்டனர். அதில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஈரலை எட்டும்வரை காத்திருக்காது. மூச்சுக்குழாயைத் தொட்ட இடத்திலேயே வினைபுரிந்து ஒட்டிக்கொள்ளும். சிலருக்கு அதிலிருந்து வருகிற ஆஸ்துமா வேலையை விட்டாலும் போகாது. பெயின்டருக்கு நான் முதலில் பயப்படுவது இதற்குத்தான். இதில் ஈரலுக்கு வேலையே இல்லை.

இங்கே ஒரு பூகோள விஷயமும் இருக்கிறது. வாய்வழி போகிறதில் பெரும்பாலானது குடலில் இருந்து நேரே ஈரலுக்குப் போகும். ஈரலுக்கு வருகிற ரத்தத்தில் முக்கால் பங்கு அந்தக் குடல் வழிதான். மூச்சில் போகிறது அப்படியல்ல. நம் தாமிரபரணியை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தமல்லி அணைக்கட்டுக்கு மேலே கலந்தது அணையைத் தாண்டித்தான் வர வேண்டும். அணைக்குக் கீழே, திருநெல்வேலி டவுன் பக்கம் சேர்கிற சாக்கடையை அந்த அணை பார்ப்பதே இல்லை. நுரையீரலில் சேர்கிற தின்னர் அணைக்குக் கீழே கலக்கிற சாக்கடை. அது முதலில் இதயம், அங்கிருந்து மூளை என்று போகும். ஆறு ஒரே பக்கம் ஓடும், ரத்தம் சுற்றிச் சுற்றி வரும் என்பதால் கடைசியில் ஈரல் அதைப் பிடித்துவிடும். இதயம் தள்ளுகிற ரத்தத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அங்கே போகிறது. ஆனால் அதற்குள் மூளை தன் பங்கை வாங்கியிருக்கும். மதியத்துக்கு மேல் வருகிற கிறுகிறுப்பும் தலைவலியும் அதுதான். பன்னிரண்டு வருஷம் அப்படி வாங்கினால் ஞாபக மறதி, எரிச்சல், கை நடுக்கம் என்று நரம்பில் தெரியும். ஈரல் நன்றாக வேலை செய்ததா என்பது அதற்குப் பதில் இல்லை.

மாப்பிள்ளைக்குச் சாயங்காலம் கடைக்குப் போகிற பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இதைச் சொல்லுங்கள். சாராயத்தைக் கையாள்கிற என்சைம்களும் டொலுயீனைக் கையாள்கிற என்சைம்களும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். தின்னர் ரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். தினமும் குடிக்கிறவர் உடம்பிலோ அந்த பி450களில் ஒரு வகை வழக்கத்தைவிட அதிகமாகச் சுரந்திருக்கும். குடிக்காத நேரத்தில் அது பென்சீன் போன்றவற்றை இன்னும் வேகமாக விஷமாக்கும்.

எல்.எஃப்.டி. நார்மல் என்பதைப் பற்றி. அந்தச் சீட்டில் எல்லாரும் முதலில் பார்க்கிற எஸ்.ஜி.பி.டி.யும் எஸ்.ஜி.ஓ.டி.யும் ஈரல் செல் உடைந்தால் ரத்தத்தில் சிந்துகிற பொருள்கள். ஈரல் செல் உடைகிறதா என்பதை அவை சொல்லும். உடம்புக்குள் எவ்வளவு தின்னர் போயிருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. அதற்கு வேலை முடிகிற நேரத்தில் சிறுநீர் எடுத்துப் பார்க்க வேண்டும். முன்பு ஹிப்யூரிக் அமிலத்தைத்தான் அளந்தார்கள். ஆனால் டீ, பழம் சாப்பிட்டாலும் அது வரும். பாட்டில் ஊறுகாயிலும் சாஸிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கிற சோடியம் பென்சோயேட்டும் அதே ஹிப்யூரிக் அமிலமாகத்தான் வெளியே வரும். மதியம் தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டவரை எல்லாம் தின்னர் இழுத்தவர் என்று காட்டிவிடும். அதனால் இப்போது ஆர்த்தோ கிரெசால் என்ற வேறொன்றைப் பார்க்கிறார்கள். பட்டறையில் பெட்ரோல் புழக்கமும் இருக்கக்கூடும் என்பதால் மாப்பிள்ளைக்கு வருஷம் ஒருமுறை ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, ரத்தத்தில் ஈயம், மூச்சுத்திறன் சோதனை ஆகியவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை வருஷம், எந்தத் தின்னர் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; நம் ஊரில் அதை யாரும் சொல்வதில்லை, டாக்டரும் கேட்பதில்லை.

கீழாநெல்லியைக் குறை சொல்ல எனக்கு ஆசை இல்லை. எங்கள் ஆச்சியே ஆட்டுப்பாலில் அரைத்துக் கொடுத்து, மூன்று நாள் உப்பில்லாப் பத்தியம் போட்டவள். ஆனால் நம் பக்கம் அது குணமாக்கியதாகச் சொல்கிற மஞ்சள் காமாலையில் பாதிக்கு மேல் தண்ணீரால் பரவுகிற வைரஸ் காமாலையாக இருக்கும். சும்மா ஓய்வெடுத்தாலே சில வாரத்தில் தானாக இறங்கிவிடும், பெயர் இலைக்குப் போகும். 1988இல் சென்னையில் ஹெப்படைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி இனத்துச் செடியைக் கொடுத்துச் செய்த ஆய்வு லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்து பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது வைரஸைப் பற்றிய பேச்சு. இன்று இழுத்த தின்னருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பென்சீனை எந்த வழியில் மாற்ற வேண்டும் என்று ஈரலுக்கு அந்த இலை சொல்லித்தராது. ஈரலைச் 'சுத்தம்' செய்வதாகச் சொல்லி விற்கிற பாட்டில்களுக்கு இந்த மரியாதைகூடக் கிடையாது.

இனி பட்டறையில் செய்யக்கூடியது. ஈரமான பெயின்டில் தூசி ஒட்டக் கூடாது என்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் எல்லாரும் அடிக்கிறார்கள். அங்கேதான் தப்பு. தூசி வராமல் காற்று மட்டும் வெளியேற ஒரு பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேனும், எதிர்ச்சுவரில் வலைத்துணி கட்டிய திறப்பும் வைக்கச் சொல்லுங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு ஃபேனை மேற்குச் சுவரில் வைத்தால் வாசம் அவர் முகத்துக்கே திரும்பி வரும். கிழக்குச் சுவரில் வையுங்கள். மூக்கில் கட்டுகிற கர்சீப்பும் மெடிக்கல் கடை மாஸ்க்கும் பெயின்ட் துளியைக் கொஞ்சம் தடுக்கும், தின்னர் ஆவியைத் தடுக்கவே தடுக்காது. கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் மாட்டுகிற ரப்பர் மாஸ்க் வேண்டும். போட்டுக்கொண்டே வாசம் அடிக்க ஆரம்பித்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது என்று அர்த்தம். ஹார்டனர் கலந்து அடிப்பதற்கு அதுவும் போதாது. வெளியிலிருந்து குழாயில் நல்ல காற்று தருகிற மாஸ்க்தான் சரி.

கையைத் தின்னரில் கழுவ வேண்டாம், தோல் வழியாகவும் அது உள்ளே போகும். முதலில் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு போட்டால் பெரும்பாலும் போய்விடும். கருப்பட்டியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். அது இரைப்பைக்குப் போகிறது, தின்னர் நுரையீரலுக்குப் போகிறது, இரண்டும் சந்திக்காது. உடன்குடிக் கருப்பட்டி என்றால் தாராளமாகச் சாப்பிடட்டும், கையைக் கழுவிவிட்டு, ஷட்டருக்கு வெளியே உட்கார்ந்து.